ஹெப்சியோட முட்டை

...முட்டை சரியில்லையாம். யார்கிட்ட சொல்றா பாருங்க. பதினோரு வருஷமா இந்த முடிச்சூர் மொட்டை மாடில நாட்டுக்கோழி வளக்கறேன், என்கிட்ட. நீங்க துணியக் காயப்போடுங்க ரோஹிணி, நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டு இருக்கேன்.

கீழ் வீட்டு ஹெப்சிதான். பிஎச்டி பண்றாளே, அவ. வாரத்துக்கு ரெண்டு டஜன் முட்டை வாங்குவா. சாப்பிட இல்ல, ஆராய்ச்சிக்கு. காலேஜ்ல மெஷின்ல மூணு நாள் சூட்டுல வெச்சு, ஓட்டுல ஜன்னல் மாதிரி வெட்டி, உள்ள இருக்கற கருவோட விலாப்பக்கம் கடுகைவிடச் சின்னதா ஒரு மணி வைப்பாளாம். அதுல ஏதோ வளர்ச்சிக் காரணின்னு ஒரு புரதம் ஊறியிருக்குமாம். அது போய் சுத்தி இருக்கற செல்லுக்கெல்லாம், 'இந்த ஜீனை எழுப்பு, இங்க ஒரு கால் வேணும்'னு சொல்லுமாம். ஜீன் முழிச்ச இடத்தை ஊதாக் கலர்ல காட்டுவாங்களாம். அப்புறம் அங்க மூணாவது கால் முளைக்கும்... நெஜமாங்க, போட்டோ காட்னா. எங்க வீட்டுக்காரர் பாத்துட்டு, 'இதையே பிரியாணிக் கடைக்குக் குடுக்கலாமேம்மா'ன்னாரு. அதோட அவர்கிட்ட காட்டறதில்ல.

இப்ப ஒரு மாசமா எந்த முட்டைலயும் கரு இல்லியாம். கைடு திட்டறாராம். 'ஆன்ட்டி, முட்டைல ஏதாவது...'ன்னு இழுத்தா. எனக்கு வந்துச்சு கோவம். 'உன் மெஷினைப் பாரு'ன்னுட்டேன். அவளும் மெஷினைக் கழட்டி, தெர்மாமீட்டர் மாத்தி, ராத்திரி பகலா அதோட அல்லாடி... நேத்து கேக் வாங்கிட்டு வந்து, 'சாரி ஆன்ட்டி, உங்க முட்டையக் கொற சொல்லிட்டேன்'னு அழறா. நான் அந்தக் கேக்கை வெட்டாம அப்படியே ஃப்ரிட்ஜுல வெச்சுட்டேன்.

என்ன கேட்டீங்க... சேவலா?

அது இப்ப இல்லங்க. ஒன்றரை மாசம் முன்ன பாஸ்டர் திடீர்னு சாப்பிட வந்துட்டாரு. கறிக்கடை லீவு. நான் என்ன செய்ய? ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு. அதுக்கப்புறமும் ரெண்டு வாரம் முட்டைல கரு இருந்துச்சே, அதனால எனக்குத் தோணவே இல்ல... பொய் எதுக்கு, போன வாரமே தோணுச்சு. வாய் வரல.

படில யாரு... ஹெப்சியா. வாம்மா. ரோஹிணி, எங்க போறீங்க, ஈரத்துணி வாளியோட கெடக்கு...

உக்காரு ஹெப்சி. பாஸ்டர் வந்த அன்னைக்கு உனக்கு ஒரு கிண்ணம் கொழம்பு குடுத்துவிட்டேனே... ரொம்ப நல்லா இருக்குன்னு போன் பண்ணிக்கூட சொன்னல்ல... அது வந்தும்மா...