மாமியாருக்கு ரிவர்ஸ் கிடையாது

— சங்கிலிய இன்னும் கொஞ்சம் அடிப்பக்கம் போடு தம்பி. நுனியில கட்டி இழுத்தா மரம் உருண்டு உன் கால் மேலதான் வரும்.

— போட்டாச்சு அண்ணி. நியாயமா பாத்தா இதை அறுத்துத் துண்டு போட்டுட்டு இழுத்திருக்கணும்.

— அறுக்க நேரமில்லை. உங்க அண்ணன் நடந்து முடிச்சு இந்த வளைவுல வர்ற நேரம். மரம் குறுக்க கிடந்தா அப்படியே நின்னுடுவார்.

— சுத்தி வரமாட்டாரா?

— வரமாட்டார். திரும்பியும் போகமாட்டார். இந்த மறதி வந்ததுல இருந்து அவருக்கு முன்னால மட்டும்தான் தெரியும். கைய எடு, கிளட்ச விடறேன்.

— மெதுவா அண்ணி. இன்னும் மெதுவா. ஆங், நகருது. மாமியாருக்கு வயசானாலும் இழுவை குறையல.

— என் மாமியார், அதான் உங்கம்மா, உயிரோட இருக்கும்போதே டிராக்டருக்கு அந்தப் பேரை வச்சார் மனுஷன். அவங்க காதுபடவே. "முன்னால வந்துட்டா பின்வாங்கத் தெரியாது, புகைய மட்டும் விடும்"னு.

— அம்மா சும்மாவா விட்டாங்க?

— ரொம்ப நாள் அவர்கூடப் பேசல. எல்லாத்தையும் என்கூடப் பேசினாங்க. பாவம் ஒரு பக்கம், பழி ஒரு பக்கம்.

— எனக்கு நினைவிருக்கு. நான் பள்ளிக்கூடம் போயிட்டிருந்தப்பதான் ரிவர்ஸ் கியர் பல்லு உடைஞ்சுது. அண்ணன் சரி பண்ணவே இல்ல.

— அப்புறம் பாத்துக்கலாம்னார். அந்த அப்புறம் வரவே இல்ல. அதனாலதான் நம்ம காட்டுல எந்த வழியும் எங்கயும் முட்டி நிக்காது. பின்னால எடுக்க முடியாத வண்டியில வழி வெட்டினா எல்லாம் வட்டமாத்தான் வரும். எங்க நுழைஞ்சாலும் கடைசியில நம்ம வீட்டுக் கொல்லையில கொண்டு விட்டுடும்.

— அண்ணி, அந்த முதியோர் இல்லத்துல இருந்து மறுபடி கூப்பிட்டாங்க. ஒரு படுக்கை காலியா இருக்காம்.

— யாரோ செத்திருப்பாங்க.

— ஏன் இப்படிப் பேசறீங்க? நான் போய்ப் பாத்தேன். சுத்தமான இடம். தோட்டம்கூட இருக்கு.

— தோட்டத்துக்குக் கதவு இருக்கா?

— இருக்கு.

— பூட்டு?

— நியாயமா பாத்தா பூட்டாம எப்படி அண்ணி?

— நான் சொன்னது சொன்னதுதான். ஒரு நாள், ஒரே ஒரு நாள் அவர் வழி தவறி வீட்டுக்கு வராம போனா, நானே பெட்டி கட்டறேன். அதுவரைக்கும் நடக்கட்டும். வழி சுத்தமா இருந்தா அவர் காலே அவரைக் கூட்டிட்டு வந்துடும்.

— அதுக்காக காத்தடிச்சா மரம் இழுக்கறீங்க, மழை பேஞ்சா தண்ணி வடிய வழிக்குக் குறுக்க வாய்க்கால் வெட்டறீங்க. முதுகு என்னத்துக்கு ஆகும்?

— என் முதுகுதானே. சரி, மரம் ஓரமா வந்துடுச்சு. நான் அந்தப் பக்கமா முழுக்கச் சுத்திட்டு வந்து அடுத்த கிளைய இழுக்கறேன். நீ இங்கயே நில்லு.

— எதுக்குச் சுத்தறீங்க? ரிவர்ஸ் போடுங்க.

— கிண்டலா?

— போட்டுத்தான் பாருங்களேன்.

— அட. போகுது. தம்பி, பின்னால போகுது.

— முந்தாநாள் நீங்க அண்ணனை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனப்ப மெக்கானிக்க வரவழைச்சேன். நான் ஊருக்குப் போயிட்டா நீங்க தனியா அல்லாடக் கூடாதேன்னு.

— மாமியாரையே பின்வாங்க வச்சுட்டியே. உங்க அப்பாவால முடியல.

— நேத்து நீங்க ரெண்டு பேரும் தூங்கிட்டு இருந்தப்ப ஓட்டியும் பாத்துட்டேன். ஓடைக்கு நேரா ஒரு வழி வெட்டினேன்.

— எத்தனை மரத்தை உரசின?

— கொஞ்சம்.

— இடது பக்கம்தானே? சின்ன வயசுல இருந்தே உனக்கு அந்தக் கோளாறு. தோல் உரிஞ்ச மரத்தைப் பாத்தே சொல்லுவார் உங்க அண்ணன், சின்னவன் இந்தப் பக்கம் போயிருக்கான்னு. அது சரி, இந்த வழி சுத்தி எங்க வந்து சேருது?

— எங்கயும் சேரல அண்ணி. ஓடைக்கரையில முள்ளு சுவர் மாதிரி நின்னுது. அங்க நிறுத்திட்டேன். ரிவர்ஸ்தான் இருக்கே, அதே தடத்துல பின்னாலயே வந்துட்டேன்.

— எங்க பிரியுது?

— பெரிய பாறை தாண்டினதும். வலது கைப்பக்கம்.

— சங்கிலியக் கழட்டு.

— அண்ணி, அவர் பழைய வழியிலேயே வந்துட்டு இருப்பார்.

— இந்நேரம் வந்திருக்கணும். பழைய வழி இருட்டா இருக்கும். புதுசா வெட்டினது வெளிச்சமா, அகலமா இருக்கும். கால் அதுலதான் இறங்கும். ஏறு.

— நான் இதை யோசிக்கவே இல்ல.

— நான் ஒண்ணும் சொல்லலையே.

— திட்டிடுங்க அண்ணி. அது பரவாயில்ல.

— என்னன்னு திட்ட? ஊர்ல எல்லா வண்டிக்கும் ரிவர்ஸ் இருக்கு. நீ நல்லதுதான் நினைச்ச. குனி, கிளை வருது.

— அண்ணி, இன்னிக்கு நடந்தது... நீங்க சொன்ன சொல்லுல இது சேராது. தப்பு என்னோடது.

— யாரோட தப்பா இருந்தா என்ன? வழி தவறினா தவறினதுதான். பெட்டி பரண்ல இருக்கு. எனக்கு எட்டாது, நீதான் எடுத்துத் தரணும்.

— அதோ, முள்ளுக்குப் பக்கத்துல. அண்ணன் சட்டைதானே அது?

— இங்கயே நிறுத்தறேன். சத்தம் கேட்டு மிரண்டுடப் போறார். நடந்து வா. என்னங்க. என்னங்க, இங்க பாருங்க. கையெல்லாம் ரத்தமா இருக்கே, முள்ளுக்குள்ள என்ன பண்றீங்க?

— கொஞ்சம் பேசாம இரு. காது குடுத்துக் கேட்டுட்டு இருக்கேன்.

— என்னத்த?

— இப்பதான் இன்ஜின் சத்தம் கேட்டுது. நின்னு போச்சு. அதான் பயமா இருக்கு.

— வாங்க, வீட்டுக்குப் போகலாம். வழி தெரியாம நின்னுட்டீங்களா?

— ஏன் தெரியாம? வந்த வழியே திரும்பிப் போனா பாறை. பாறையில வலது கை. இந்தக் காட்டுல வழி வெட்டினவனே நான், என்கிட்ட வழி சொல்றியா?

— தெரிஞ்சும் ஏன் வரல?

— தடத்தைப் பாரு. புதுத் தடம். டிராக்டர் உள்ள போயிருக்கு, ஆனா இங்க காணோம். மாமியாருக்கு ரிவர்ஸ் கிடையாதுன்னு உனக்குத் தெரியாதா? உள்ள போனவன் எப்படி வெளிய வந்திருப்பான்?

— அண்ணா.

— இடது பக்கத்து மரமெல்லாம் தோல் உரிஞ்சு கிடக்கு பாரு. சின்னவன்தான்.

— அண்ணா, நான் இங்கதான் இருக்கேன். என்னைப் பாருங்க.

— நீங்க யாருன்னு தெரியல சார், ஆனா பலசாலியா இருக்கீங்க. இந்த முள்ளைக் கொஞ்சம் பிடிச்சு இழுங்க, உள்ள என் தம்பி மாட்டிக்கிட்டு இருக்கான்.