சல்லடையில் சிக்கிய பசை

தங்கச்சி: அண்ணே, அந்த ஆயில் பம்ப் சல்லடையைத் துடைச்சிடாதே!

அண்ணன்: அழுக்குதானே… ஆயிலை மாத்தாம ஓட்டியிருப்பாங்க. சேறு கட்டியிருக்கும்.

தங்கச்சி: ஆயில் சுத்தமா இருக்கு. டிரைவிங் ஸ்கூல் அம்மா நேரத்துக்கு மாத்தறவங்க. இது சேறு இல்ல, இழுத்துப் பாரு… ரப்பர் மாதிரி வருதா? இன்ஜினுக்கு அடியில ஆயில் தொட்டியை ஒட்டறோமே, அந்தப் பசை.

அண்ணன்: அது எப்படி உள்ள போச்சு?

தங்கச்சி: கால் முளைச்சு நடந்து போச்சு! போன தடவை தொட்டியை மாட்டறப்போ நீ அளவா தடவறதை விட்டுட்டு அள்ளி அப்பினா? பிதுங்கினது உள்பக்கம் காஞ்சு உதிர்ந்து, பம்ப் உறிஞ்சுற வாயில போய் அடைச்சிடுச்சு.

அண்ணன்: மெதுவா பேசு… பம்ப் போயிடுச்சுன்னு சொல்லிடுவோம்.

தங்கச்சி: பழி ஓரிடம், பாவம் ஓரிடமா? பல்சக்கரம் ரெண்டும் புதுசு மாதிரி இருக்கு. தொட்டியில இருக்கற ஆயிலை உறிஞ்சி, அழுத்தி, மேல அனுப்பறதுதான் பம்ப்போட வேலை. வாயில துணியை அடைச்சிட்டு தண்ணி குடின்னா நீ குடிப்பியா?

அண்ணன்: வாயைப் பாரு இவளுக்கு…

தங்கச்சி: டேஷ்போர்டுல ஆயில் சிவப்பு விளக்கு எரிஞ்சதும் அந்தம்மா அங்கேயே நிறுத்திட்டாங்க. இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தா இன்ஜினே ஜாம் ஆகியிருக்கும்.

அண்ணன்: சரி… அப்ப தொட்டியை மாட்டினது நீதான்னு சொல்லிடு.

தங்கச்சி: என்னது?

அண்ணன்: கோவிச்சுக்காதே. பொம்பளப் பிள்ள, தெரியாம பண்ணிட்டான்னு விட்டுடுவாங்க. நான்னு சொன்னா பட்டறை பேரு கெட்டுடும்.

தங்கச்சி: என் பேரு கெட்டா?

அண்ணன்: உனக்கு ஏதுடி பேரு? போர்டுல இருக்கறது என் பேருதானே!

தங்கச்சி: அதான்! கிளட்ச் மாட்டினது நான், பேரு உனக்கு. பிரேக் பார்த்தது நான், பேரு உனக்கு. போகட்டும்னு விட்டேன். நீ கெடுத்தது மட்டும் என் தலையிலயா? நல்லா இருக்குண்ணே உன் நியாயம்!

அண்ணன்: ஒரு வார்த்தைதானே…

தங்கச்சி: அரை வார்த்தைகூடச் சொல்ல மாட்டேன்.

அண்ணன்: அவங்க வண்டி எல்லாம் நம்மகிட்டதான் வருது. அது நின்னா கதவைச் சாத்த வேண்டியதுதான்.

தங்கச்சி: பொய் சொல்லித்தான் தொறந்து வைக்கணும்னா, சாத்து.

அண்ணன்: திமிரு!

தங்கச்சி: ஆமா, திமிருதான். நகரு, வெளிச்சத்தை மறைக்கிறே.

அண்ணன்: ஏய்… நான் சொல்லிட்டேன்.

தங்கச்சி: என்ன சொல்லிட்டே?

அண்ணன்: நேத்தே போன்ல யாரு மாட்டினதுன்னு கேட்டாங்க… நீதான்னு சொல்லிட்டேன். இப்ப மாத்திப் பேசினா நான் அவங்க முகத்துல எப்படி முழிப்பேன்?

தங்கச்சி: தெரியும். காலையில நீ வர்றதுக்கு முன்னாடியே வந்து கேட்டாங்க. பசை போட்டது அண்ணன், கழட்டினது நான், திரும்ப மாட்டப் போறதும் நான்னேன். அதுக்கு அவங்க, எங்க வண்டி எதுவா இருந்தாலும் இனிமே நீயே பாரும்மா, உங்கண்ணன் தொட வேணாம்னு சாவியை என் கையில குடுத்துட்டுப் போனாங்க.