பள்ளி வாசலில் பொக்லைனை நிறுத்தியது பற்றி அதன் ஓட்டுநர் சொன்னது

என் பெயர் இந்தத் தாளின் ஓரத்தில் காவல் நிலைய எழுத்தர் எழுதியிருக்கிறபடிதான். வேலையிடத்தில் எல்லோரும் என்னைப் ‘பக்கெட்டு’ என்றே கூப்பிடுகிறார்கள், விசாரித்தால் அந்தப் பெயரைத்தான் சொல்வார்கள் என்பதால் அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். வயது நாற்பத்து நான்கு. பேருந்துப் பணிமனைக்குப் பின்புறமுள்ள அடுக்குக் குடியிருப்பில், மூன்றாவது மாடியில், மனைவியோடும் ஒரே மகளோடும் வாடகைக்குக் குடியிருக்கிறேன். பொக்லைன் இயந்திரம் ஓட்டுவது என் தொழில். இயந்திரம் என்னுடையதல்ல, ஒப்பந்தக்காரருடையது. என்னை யாரும் மிரட்டவில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள்.

என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அவளோடு ஒரே பெஞ்சில் உட்காரும் பெண்ணைச் ‘சிட்டு’ என்று கூப்பிடுவோம். அவள் எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வருவாள், என்னை மாமா என்பாள், இருவரும் ஒரு இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருப்பார்கள். சிட்டுவின் வீடு ஓடைக்கரையில் இருந்தது. ஓடைக்கரை வீடுகளை அகற்றும்படி நகராட்சி உத்தரவிட்டு, அந்த வேலை எங்கள் ஒப்பந்தக்காரருக்குக் கிடைத்து, அவர் என்னை அனுப்பினார். அந்த வரிசை முழுவதையும் நான்தான் இடித்தேன். அதில் சிட்டுவின் வீடும் ஒன்று. அதன்பிறகு அவர்கள் குடும்பம் அவளுடைய சித்தி வீட்டுக்குப் போய்விட்டது. எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அதன்பிறகு என் மகள் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். பரீட்சைப் பயம் என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, ‘முடியாதுன்னு சொல்லியிருக்கலாம்லப்பா’ என்றாள். எதை என்று நான் கேட்கவில்லை. என் மனைவிதான் அவளைத் தனியாக உட்காரவைத்து விசாரித்தாள். அப்போதுதான் பள்ளியில் நடந்தது தெரிந்தது.

அவர்களுக்குச் சமூக அறிவியல் எடுக்கும் ஆசிரியர் இந்த ஆண்டுதான் மாற்றலாகி வந்தவர். அவர் பாடம் நடத்தினால் அடுத்த தெருவுக்கும் சேர்த்துக் கேட்கும் என்பதால் பிள்ளைகள் அவருக்கு ‘மைக்கு சார்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். குடிமக்களின் உரிமை பற்றிய பாடத்தின்போது ஒரு மாணவன் ஓடைக்கரையைப் பற்றி, ‘நீங்க என்ன சார் நினைக்கிறீங்க?’ என்று கேட்டிருக்கிறான். அதற்கு ஆசிரியர், இடிக்கச் சொன்னவன் குற்றவாளி என்றால் கூலி வாங்கிக்கொண்டு இடித்தவன் அதைவிடப் பெரிய குற்றவாளி, முடியாது என்று சொல்ல அவனுக்கு வாய் இருந்ததே என்று சொல்லியிருக்கிறார். வகுப்பே திரும்பி என் மகளைப் பார்த்திருக்கிறது. சிட்டு தன் பையை எடுத்துக்கொண்டு முன் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள். இதைச் சொல்லும்போது என் மகள் அழவில்லை என்று மனைவி சொன்னாள். எனக்கு அதுதான் உறுத்தலாக இருந்தது.

அதன்பிறகு நான் வழக்கம்போல் வேலைக்குப் போய்வந்தேன். சம்பவத்தன்று பள்ளியின் பின்சுவரை ஒட்டிய தெருவில் கழிவுநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, லாரி மண்ணைக் கொட்டிவிட்டுத் திரும்பி வரும் வரையில் காத்திருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் அந்த ஆசிரியரின் குரல் கேட்டது. என்ன சொல்கிறார் என்று விளங்கவில்லை. அதைத் தொடர்ந்து வகுப்பு மொத்தமும் சிரித்தது. அவர்கள் என்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. உடனே இயந்திரத்தைத் திருப்பிக்கொண்டு சுற்றுவழியாகப் பள்ளியின் முன்வாசலுக்குப் போனேன். அப்போதுதான் திரும்பி வந்த லாரிக்காரர் பின்னால் கத்தியது கேட்டது. நான் நிறுத்தவில்லை.

வாசலை அடைத்தாற்போல் இயந்திரத்தைக் குறுக்கே நிறுத்தி, மண் அள்ளும் பக்கெட்டைப் பெயர்ப்பலகை உயரத்துக்குத் தூக்கினேன். காவலாளி ஓடிவந்து விசில் ஊதினார். அதைக் கேட்டு, பள்ளி விட்டுவிட்டது என்று நினைத்துச் சின்னப் பிள்ளைகள் சிலர் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள். ஜன்னல்களில் எல்லாம் தலைகள் தெரிந்தன. இடிக்கும் எண்ணம் இருந்ததா என்று ஆய்வாளர் கேட்டதற்கு, பக்கெட்டைத் தூக்கும் வரைக்கும் இல்லை என்றும், தூக்கிய பிறகு கை பழக்கத்தில் அடுத்த வேலைக்குப் போகப் பார்த்தது, அதை நான் பிடித்து நிறுத்தினேன் என்றும் சொல்கிறேன். இதை மறைக்க விரும்பவில்லை.

அதன்பிறகு அந்த ஆசிரியர் கையில் சாக்பீஸோடு வெளியே வந்து இயந்திரத்தின் முன்னால் நின்றார். அவர் ஏதோ சொன்னார், நானும் ஏதோ சொன்னேன், எஞ்சின் சத்தத்தில் இருவருக்கும் எதுவும் கேட்கவில்லை. மைக்கு சாராலேயே முடியவில்லை. அதனால் பக்கெட்டைத் தரையில் இறக்கிவிட்டு எஞ்சினை அணைத்தேன்.

‘நீங்க பெரிய குற்றவாளின்னு சொன்ன ஆளு நான்தான் சார்’ என்றேன்.

அவர், தான் சொன்னதை இல்லை என்று சொல்லப்போவதில்லை, ஆனால் என் மகள் அந்த வகுப்பில் இருப்பது அப்போது தனக்குத் தெரியாது என்றார்.

‘தெரிஞ்சிருந்தா?’ என்று கேட்டேன்.

அவர் வகுப்புப் பக்கம் கையைக் காட்டினார். அதன்பிறகு, ‘உள்ள வாங்க. என்கிட்ட சொல்றதை அவங்க முன்னாடி சொல்லுங்க’ என்றார். தலைமையாசிரியர் வராந்தாவிலிருந்து வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். நான் ஆசிரியரின் பின்னாலேயே போனேன். ஆகையால் வகுப்புக்குள் அத்துமீறி நுழைந்தேன் என்பது சரியல்ல, கூப்பிட்டதால் போனேன். செருப்பெல்லாம் சேறாக இருந்ததால் வாசலில் கழற்றிவிட்டேன்.

என் மகள் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் மேசையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். கரும்பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். சற்று முன் எதற்குச் சிரித்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கும் ஞாபகம் இல்லை.

அதன்பிறகு, நான் மறுத்திருந்தால் ஒப்பந்தக்காரர் வேறு ஆளை அனுப்பியிருப்பார், வீடு எப்படியும் போயிருக்கும், என் வேலையும் சேர்ந்து போயிருக்கும் என்று சொன்னேன். முன் பெஞ்சிலிருந்து சிட்டு எழுந்தாள். எப்போதும் மாமா என்று கூப்பிடுகிறவள் அன்று எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை.

‘எங்க வீட்டை இடிக்கறதுக்கு முன்னாடி உள்ள போய்ப் பாத்தீங்களா?’ என்று கேட்டாள்.

‘பாத்தேம்மா. யாராவது இருக்காங்களான்னு இறங்கி உள்ள போய்ப் பாத்தேன்.’

‘என்ன இருந்துச்சு?’

‘அடுப்பு சூடா இருந்துச்சு. செவத்துல உன் உயரத்தைப் பென்சில்ல கோடு போட்டு வச்சிருந்தாங்க.’

‘அதுக்கப்புறமும் இடிச்சீங்களா?’

‘இடிச்சேன்’ என்றேன்.

அவள் உட்கார்ந்துகொண்டாள். ஆசிரியர் கையிலிருந்த சாக்பீஸை மேசையில் வைத்தார். நான் எத்தனையோ சுவர்களை இடித்திருக்கிறேன், உள்ளே என்ன இருந்தது என்று இதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

அந்தச் சமயத்தில், தலைமையாசிரியர் தகவல் கொடுத்ததன் பேரில் காவலர்கள் வந்து என் கையைப் பிடித்தார்கள். ஆசிரியர் குறுக்கே வந்து, ‘நான்தான் உள்ள கூப்பிட்டேன். அவர் மேல கை வைக்காதீங்க’ என்றார். நான் மறுப்புச் சொல்லாமல் காவலர்களுடன் போனேன். ஆசிரியரையும் விசாரணைக்கு வரச்சொன்னார்கள்.

அதன்பிறகு நிலையத்தில் என்னை உட்காரவைத்திருந்தபோது, ஆய்வாளர் வெளியே போயிருந்த நேரத்தில், தலைமையாசிரியர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தட்டச்சு செய்த ஒரு தாளைக் கொடுத்தார். மேற்படி ஆசிரியர் வகுப்பில் அரசியல் பேசி மாணவர்களைத் தூண்டிவிடுகிறார், அதனால் என் மகள் மன உளைச்சலுக்கு ஆளானாள், அவர்மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று நான் புகார் கொடுப்பதாக அதில் இருந்தது. இதில் கையெழுத்துப் போட்டால் வாசல் விஷயத்தைப் பள்ளி பெரிதுபடுத்தாது, இயந்திரத்தையும் விட்டுவிடுவார்கள் என்றார். அதே நேரத்தில் ஒப்பந்தக்காரரும் தொலைபேசியில் வந்து, இயந்திரம் இன்றைக்கே திரும்பி வராவிட்டால் நானும் திரும்பி வர வேண்டியதில்லை என்றார். (இதையெல்லாம் எழுதுவதா என்று எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். ‘அவர் சொல்றதை எழுதுங்க’ என்றார் ஆய்வாளர்.)

அந்தத் தாளில் இருந்தது பொய் என்று நான் சொல்லவில்லை. என் மகள் உளைச்சல்பட்டது உண்மை. எனக்கு அந்த ஆசிரியர்மேல் அப்போதும் கோபம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. பேனாவை வாங்கித் திறந்தும் விட்டேன்.

அப்போது என் மனைவியும் மகளும் வந்தார்கள். மனைவி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ‘வீட்ல ஒரு ஆணி அடிக்கச் சொன்னா நாலு நாள் யோசிக்கற ஆளு!’ என்றாள். மகள் என் கையிலிருந்த தாளை வாங்கி முழுவதும் படித்தாள். படித்து முடித்ததும் தலைமையாசிரியரைப் பார்த்தாள்.

‘இதுல என் பேரு இருக்கு. என்னை யாருமே கேக்கலையே சார்?’ என்றாள்.

அவர், பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நீ போய் வெளியே உட்கார் என்றார். அவள் உட்காரவில்லை. நான் அவளிடம், ‘நீ சொல்லு. போடட்டுமா, வேண்டாமா?’ என்று கேட்டேன்.

‘அவர் சொன்னது எனக்கு வலிச்சுதுப்பா. அதை நானே அவர்கிட்ட சொல்லிக்கறேன். அவரை அனுப்பிட்டா நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?’ என்றாள்.

அந்த ஆசிரியர் எதிர் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் அது கேட்டிருக்கும். அவர் எழுந்து வந்து என் மகளிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள், ‘இங்க வேணாம் சார், கிளாஸ்ல பேசிக்கலாம்’ என்றாள். சரி என்று அவர் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

அதன்பிறகு நான் பேனாவை மூடித் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிட்டேன். அவர் அந்தத் தாளை மேசையில் வைத்துவிட்டு, யோசித்துச் சொல்லும்படி கூறிவிட்டுப் போனார். ஆசிரியர் வகுப்பில் தன் கருத்தைச் சொல்லலாமா கூடாதா என்று ஆய்வாளர் என்னைக் கேட்டார். அது எனக்குத் தெரியாது. அவர் சொன்னதால்தான் போய்ச் சண்டை போட்டேன், அவர் கூப்பிட்டதால்தான் உள்ளே போய்ப் பதில் சொன்னேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பள்ளி வாசலை மறித்ததும், பிள்ளைகள் பயப்படும்படி பக்கெட்டைத் தூக்கியதும் நான் செய்தவை. அதற்கு உரியதை ஏற்றுக்கொள்கிறேன். எழுத்தர் வாசித்துக் காட்டினார், கேட்டேன், மேலே உள்ளவை என் வாயிலிருந்து வந்தவைதான், கூட்டலும் இல்லை குறைத்தலும் இல்லை. தலைமையாசிரியர் வைத்துவிட்டுப் போன தாள் மேசையின் அந்த ஓரத்தில் இருக்கிறது. அதில் போட மாட்டேன். இதில் போடுகிறேன்.

(கையெழுத்து)