சுத்தியல் ஏன் மேடைக்கு வந்தது?

தலைமை தாங்குவதாக அழைப்பிதழில் அச்சிடப்பட்டிருக்கும் அண்ணன் சுப்பராயலு அவர்களே, அவர் சொல்வதற்கு முன்பே தலையசைத்துவிடும் விழாக்குழுப் பெரியோர்களே, கூடுவாஞ்சேரியிலிருந்தும் அனகாபுத்தூரிலிருந்தும் பேருந்தில் நின்றபடியே வந்து சேர்ந்த நண்பர்களே, கோதாவில் பிள்ளைகள் விழும்போது கண்ணைப் பொத்திக்கொண்டு விரலிடுக்கில் பார்க்கப்போகும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் சத்தியநாதனின் மாலை வணக்கம்.

இது ‘தாம்பரம் தடாலடி’ மல்யுத்தத் திருவிழாவின் பதினான்காம் ஆண்டு. எனக்குத் தந்த தலைப்பு, தடாலடியின் வீர வரலாறு. தந்த நேரம் ஐந்து நிமிடம். பதினான்கு ஆண்டுகளை ஐந்து நிமிடத்தில் அடக்கச் சொன்னால், எதையோ அமுக்கச் சொல்கிறார்கள் என்று பொருள். இருபத்திரண்டு ஆண்டுகள் வரலாறு நடத்திய வாத்தியார் நான். எனக்கு இந்தச் சந்தேகம்கூட வராதா?

உங்கள் கையில் ஒரு விழா மலர் இருக்கிறது. மூன்றாம் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ‘இருவர் கண்ட கனவு’ என்று போட்டிருக்கிறார்கள். இருவரா? பீர்க்கன்கரணை ஏரிக்கரையோரம், வீடு எழும்பாத ஒரு மனையில், லாரி டயர்களைப் பரப்பி, அதன்மேல் பலகை அடித்து, பலகைமேல் தார்ப்பாய் விரித்து முதல் கோதா கட்டினோமே, அன்று அங்கே நின்றவர்கள் இருவரா? தார்ப்பாய் தந்தவர் அண்ணன் சுப்பராயலு. சண்டை போட்டவர் ‘எரிமலை’ எட்மண்ட், பள்ளி விளையாட்டு ஆசிரியர். வெள்ளைச் சட்டையில் கறுப்புப் பட்டை தைத்துப் போட்டுக்கொண்டு நடுவராக நின்ற மூன்றாவது ஆள் எங்கே போனான்? பட்டை தைத்த என் மனைவி ஜெயசீலி இதோ அமர்ந்திருக்கிறார். அவரைக் கேளுங்கள்.

வேலியோரத்தில் ஒரு தம்பி ஏதோ கேட்கிறார். சத்தமாகக் கேளுங்கள் தம்பி.

“சார், எல்லாம் செட்டப்புதான சார்? இன்னாத்துக்கு இவ்ளோ பில்டப்பு?”

நல்ல கேள்வி. ஆமாம் தம்பி, யார் ஜெயிப்பது என்பது செட்டப். யார் யாரை முறைப்பது என்பது செட்டப். ஆனால் தரை செட்டப் இல்லை. பத்தடி உயரத்திலிருந்து விழுகிறவனுக்கு, ‘இது நாடகம்தானே’ என்று பலகை வளைந்து கொடுப்பதில்லை.

அதனால்தான் இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வெளியில் சொல்லக் கூடாது என்பார்கள். சொல்லக் கூடாததைச் சொல்வதுதானே வரலாறு? ஒருவன் விழுந்து கிடக்கும்போது நடுவர் குனிந்து அவன் கையைப் பிடிப்பார். நீங்கள் அதைப் பரிதாபம் என்று நினைப்பீர்கள். அது கேள்வி. நடுவர் ஒருமுறை அழுத்துவார். விழுந்தவன் நலமாக இருந்தால் திருப்பி அழுத்துவான். அழுத்தவில்லை என்றால் உடனே மணி அடிக்க வேண்டும், ஆட்டம் முடிந்தது. ஒரு கை கேட்கிறது, ஒரு கை பதில் சொல்கிறது. இத்தனை கூச்சலுக்கு நடுவில் பொய்யே இல்லாத பேச்சு அது ஒன்றுதான்.

ஐந்தாம் ஆண்டில் அதிலும் ஒருவர் பொய் சொன்னார். எட்மண்ட் விழுந்தார். அழுத்தினேன், பதில் இல்லை. பதறிப்போய் மணி அடிக்கச் சொன்னேன். மணி அடித்ததும் எழுந்தார் எரிமலை. கால்சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரினார். மைதானமே சிரித்தது. சிரித்தீர்களா இல்லையா? பிறகு ஓராண்டு, தாம்பரம் மார்க்கெட்டில் நான் கத்தரிக்காய் வாங்கினால்கூட, “வாத்தியாரே, கைய அமுக்கிப் பாத்து வாங்கு” என்றார்கள். எனக்கு மறதி குறைவு. அது என் வியாதி.

ஆறாம் ஆண்டு வந்தது. எட்மண்ட் மேல்கயிற்றிலிருந்து பாய்ந்தார், தவறி விழுந்தார். குனிந்தேன், அழுத்தினேன். பதில் இல்லை. என்ன செய்தேன் தெரியுமா? அவர் காதருகே போய், “எட்மண்ட், போன வருஷ வேலைய மறுபடி காட்டாத, நான் ஏமாற மாட்டேன்” என்றேன். நிமிர்ந்தேன். ஆடலாம் என்று எதிராளிக்குத் தலையசைத்தேன். அவர் எட்மண்டைத் தூக்கித் தரையில் அறைந்தார். நான் மூன்று எண்ணினேன், நிதானமாக, ஊருக்கே கேட்கும்படி.

அன்றிலிருந்து எட்மண்டின் வலக்கை தோளுக்கு மேல் எழும்பியதில்லை.

எத்தனையோ பேரைச் சந்தேகப்பட்டிருக்கிறேன் ஐயா. மலர் அச்சடித்தவரை, மைக் வைத்தவரை, இந்த மாலை கட்டியவரை. அந்தச் சந்தேகங்களில் பாதி சரி. ஆனால் சந்தேகமே படக் கூடாத ஒரே இடத்தில், ஒரு கையை, சந்தேகப்பட்டேன். மருத்துவமனையில் எட்மண்ட் சொன்னார்: “வுடு வாத்தியாரே, மொதல்ல வெளாடுனது நான்தான.” அந்த மன்னிப்பிலும் ஏதோ உள்குத்து இருக்கிறது என்று எட்டு ஆண்டுகள் அவர் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மூன்றாம் வரிசையில்தான் இருக்கிறார்.

“இன்னாத்துக்கு வாத்தியாரே பழச கிண்டிகினு? பொண்ணு மேட்ச் கீது, சீக்கிரம் முடி.”

அந்தப் பெண்ணுக்காகத்தான் பேசுகிறேன் எட்மண்ட்.

இதோ, தலைவரின் மேசையைப் பாருங்கள். பூச்செண்டுக்கும் தண்ணீர்ப் பாட்டிலுக்கும் நடுவில் ஒரு சுத்தியல். கோதா மணியை அடிக்கும் சுத்தியல். மணி அங்கே, நடுவரின் காலடியில். சுத்தியல் இங்கே, அறுபதடி தள்ளி. ஏன்? என் தவறுக்குப் பிறகு குழு முடிவெடுத்தது: நடுவரை நம்ப முடியாது, மேடை அனுமதித்தால்தான் ஆட்டத்தை நிறுத்தலாம். அன்று எனக்கு வாயில்லை. ஆனால் இன்று ஆட்டம் செல்போனில் நேரலை. நேரலையில் நாம் பார்ப்பது, அரை நிமிடம் முன்பு நடந்து முடிந்தது. காலையில் ஒத்திகையின்போது அண்ணன் செல்போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், கோதாவைப் பார்க்கவில்லை.

“சத்யா, டைம் ஆய்ட்ச்சுப்பா. எல்லாம் ஒழுங்கா நடக்கும், உக்காரு.”

நடக்கும் அண்ணா. நடக்காவிட்டால்? இன்று முதன்முதலாகக் கோதா ஏறுகிறாள் எட்மண்டின் மகள் அபிகாயில். அவள் விழுந்து, நடுவர் ஜோசலின் கையை அழுத்தி, அந்தக் கை பதில் சொல்லாவிட்டால், ஜோசலின் யாரைப் பார்ப்பது? அவளையா, உங்களையா? நீங்கள் எதைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்? தவறு செய்தவன் நான். தண்டனையாக என் பெயரை எடுத்தீர்கள், எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் பக்கத்தில் இருவர் என்றே இருக்கட்டும். ஆனால் என் தவறுக்கு அந்தப் பெண்ணின் கழுத்தை ஈடு வைக்க உங்களுக்கு யார் உரிமை தந்தது?

தாய்மார்களே, சொல்லுங்கள். சுத்தியல் யார் கையில் இருக்க வேண்டும்?

கேட்டதா அண்ணா? நடுவர் கையில்தானாம். வேலியோரத் தம்பியும் சேர்ந்துதான் கத்துகிறார்.

ஆகவே இந்தச் சுத்தியலை நான் எடுத்துக்கொள்கிறேன். தடுக்கிறவர்கள் தடுக்கலாம், நேரலை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இதை ஜோசலினிடம் கொடுக்கப் போகிறேன். அம்மா ஜோசலின், அந்தக் கை பேசாவிட்டால் அடித்துவிடுங்கள். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். சிரித்த ஊர் எனக்குப் பழக்கம், என்னோடு நின்றுகொள்ளலாம்.

மைக் கம்பி கோதா வரை எட்டாது. அதனால் நன்றியை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: பேச விட்ட அண்ணனுக்கு, கேட்ட உங்களுக்கு, பட்டை தைத்த ஜெயசீலிக்கு. போகிற வழியில் மூன்றாம் வரிசை இருக்கிறது. எட்மண்ட், உன் இடக்கையைக் கொஞ்சம் நீட்டி வை. நான் ஒருமுறை அழுத்துவேன். நீ என்ன பதில் சொன்னாலும் நம்புகிறேன்.

வருகிறேன். வணக்கம்.