நனையாத நடு இருக்கை

மாலை ஆறு மணி பத்து நிமிடம். மழை இருட்டு. ஏரியை ஒட்டிப் போகும் சாலை... பக்கத்தில் ஒரு வீடில்லை, கடையில்லை, எதிரே ஒரு வண்டிகூட இல்லை.

கதவைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள். இது எனக்கு நடந்தது இல்லை. என் தோழியின் நாத்தனாருக்கு நடந்தது. அவள் சொன்ன வரிசையிலேயே சொல்கிறேன். நடுவில் யாரும் எழுந்து போகவேண்டா. போனவர் திரும்பி வரும்போது தனியாகத்தான் வரவேண்டியிருக்கும்.

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள். ஊசி பிடிக்கும் கை, நடுங்காது. இதைச் சொன்ன அன்று தண்ணீர்த் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வண்டி, மூன்று மாதம் முன்பு வாங்கிய பழைய கார். அவள் கணவர் மயங்கியது அதன் சன்ரூஃபைப் பார்த்துத்தான். ஸ்விட்சை அழுத்தினால் கூரைக் கண்ணாடி விலகும், வானம் தெரியும். "நாள் முழுக்க ஆபீஸ் ஃபேனையே பாக்குறவன், ஒரு நாளாவது நிலாவப் பாக்கக் கூடாதா?" என்றாராம். விற்றவர் சாவியை நீட்டினார். வண்டியின் பக்கம் திரும்பாமலேயே போய்விட்டார். அப்போது யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை.

ஒரே ஒரு குறை. பின் இருக்கையின் நடுவில் இரண்டு சிறிய ஷூ தடங்கள். துடைத்தால் போகும், நான்கு நாளில் திரும்ப வரும். ஏழு வயது மகளுக்குத்தான் திட்டு.

"ஷூவோட சீட்டுல ஏறாதன்னு எத்தன தடவடி சொல்றது?"

"நான் ஏறலம்மா."

"அப்ப நானா ஏறினேன்?"

அந்தத் தடங்கள் தன் மகளின் ஷூவைவிட ஒரு விரல் பெரியவை என்பதை அவள் அளந்து பார்க்கவில்லை. எல்லாவற்றையும் அளப்பவள்... இதை அளக்கவில்லை.

அன்று மகளுக்குக் காய்ச்சல். போன ஆண்டு காய்ச்சலில் வலிப்பு வந்த பிள்ளை. கணவர் வெளியூரில். "உடனே கொண்டு வாங்க, காய்ச்சல ஏறவிடாதீங்க" என்று டாக்டர் போனில் சொல்லிவிட்டார். பின் இருக்கையில் இடது ஓரமாக மகளை உட்காரவைத்து, பெல்ட் போட்டு, போர்வை சுற்றிக் கிளம்பினாள். ஏரிச் சாலையில் போனால் இருபது நிமிடம். சுற்றிப் போனால் ஒரு மணி நேரம்.

பாதி வழி வந்ததும் தலைக்கு மேல் ஒரு சத்தம். ஸ்ஸ்ஸ்... கண்ணாடி தானாக விலகியது. மழை உள்ளே கொட்டியது.

அவள் ஸ்விட்சை அழுத்தினாள். கண்ணாடி முக்கால் தூரம் வந்தது. டப். நின்றது. பின்வாங்கியது. மறுபடி அழுத்தினாள். முக்கால் தூரம்... டப்... பின்வாங்கியது. ஐந்து முறை. ஐந்து முறையும் அதே இடம்.

வண்டியை ஓரங்கட்டி மெக்கானிக்கை அழைத்தாள். தெருவில் எல்லாரும் அவனை நட்டு என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அக்கா, அது ரிப்பேரே இல்ல. குழந்தைங்க கை, தலை நடுவுல இருந்தா நசுங்கக் கூடாதுன்னு அப்படிச் செஞ்சிருக்கான். ஏதாச்சும் தட்டுப்பட்டா கண்ணாடி தானா பின்னால போயிடும். வண்டிக்கு இருக்கிற அறிவு நமக்கு இல்ல."

"விளையாடாத தம்பி. பிள்ளை நனையுது."

"மேல கைய விட்டுப் பாருங்க. இலை கிலை சிக்கியிருக்கும்."

கண்ணாடி ஓடும், தண்டவாளம் போன்ற இரு ஓரங்களையும் அவள் விரலால் தடவிப் பார்த்தாள். இலை இல்லை. குச்சி இல்லை. குடையை விரித்து உள்ளிருந்தே திறப்பை அடைக்கப் பார்த்தாள். குடை ஏறவில்லை. நடுவில் எதிலோ மெத்தென்று இடித்து... மெதுவாகத் திரும்பி வந்தது.

அப்போதுதான் வாசனை. ஈர ரப்பர் வாசனை இல்லை. ஷூ பாலிஷ். பள்ளிக்குக் கிளம்பும் காலையில் வீட்டில் அடிக்குமே, அந்த வாசனை.

உள் விளக்கைப் போட்டாள். பின் இருக்கையின் வலப்பக்கம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. மகளின் போர்வை நனைந்திருந்தது. நடு இருக்கை மட்டும் காய்ந்து கிடந்தது. கொட்டுகிற மழைக்குக் கீழே... ஒரு துளி இல்லை. அதன்மேல் இரண்டு ஷூ தடங்கள். முன்பக்கம் பார்த்து நின்றன.

போனில் நட்டு பேசிக்கொண்டேயிருந்தான். "ஒரு வழி இருக்குக்கா. கஸ்டமருக்குச் சொல்ல மாட்டோம். பத்து எண்ற வரைக்கும் கைய எடுக்காம அழுத்துங்க. அப்ப அந்தத் தடை வேலை செய்யாது. நடுவுல எது இருந்தாலும் நசுக்கிட்டு மூடிக்கும். ஒண்ணும் இல்லல்ல? நல்லாப் பாத்துக்கோங்க."

அவள் பார்த்தாள். கண்ணுக்கு ஒன்றும் இல்லை. மகளுக்குக் குளிரில் பற்கள் அடித்துக்கொண்டிருந்தன. வேறென்ன செய்வாள்? அழுத்தினாள்.

ஒன்று... இரண்டு... மூன்று... கண்ணாடி வந்தது. தட்டியது. இம்முறை பின்வாங்கவில்லை. மோட்டார் முனகியது. ஆறு... ஏழு...

"அம்மா விடு! அவன் கழுத்து!"

மகள் கண்ணைத் திறக்கவில்லை. கண்ணை மூடியபடியே கத்தினாள்.

அவள் கையை எடுத்துவிட்டாள். கண்ணாடி சர்ரென்று பின்னால் போனது. மேலேயிருந்து... யாரோ இருமினார்கள். சின்ன இருமல்.

"யாருடி?"

"நிக்கிறான்ல, அவன்தான்."

காய்ச்சல் பிதற்றல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நனைந்தாலும் பரவாயில்லை, போய்விடுவோம் என்று கியரைப் போட்டாள். முன்விளக்கு வெளிச்சத்தில், நூறடி தூரத்தில், ரயில் பாலம். அதற்கு முன்னால் லாரிகள் நுழையாதபடி சாலைக்குக் குறுக்கே கட்டிய இரும்புக் கம்பி. கார் தாராளமாகப் போகும். காரின் கூரைக்கு மேல் ஒரு முழம்தான் இடைவெளி.

மகள் முனகினாள். "கம்பி வந்தா குனியணும்னு அவனுக்கு யாருமே சொல்லலையாம்மா..."

அவள் பிரேக்கை மிதித்தாள்.

யாரோ சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அவள் நிலையை மட்டும் எண்ணிப் பாருங்கள். முன்னே போகவும் முடியாது. திரும்பிப் போக நேரமும் கிடையாது. மூட முடியாத கூரை, முன்னால் கம்பி, பின்னால் நெருப்பாகக் கொதிக்கிற பிள்ளை. மகளின் இடது கை ஒருமுறை வெட்டி இழுத்தது. போன ஆண்டும் இப்படித்தான் தொடங்கியது. உதவிக்குப் பக்கத்தில் யாரையாவது கூப்பிடலாமென்றால், ஏரிதான் இருந்தது.

அவள் மேலே பார்த்தாள். மழை முகத்தில் அடித்தது.

"உள்ள வாப்பா," என்றாள். "கம்பி வருது. வந்து உக்காரு. நான் கூட்டிட்டுப் போறேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் சொல்லியிருக்க வேண்டா. ஆனால், அந்த இடத்தில் எந்தத் தாயும் வேறென்ன சொல்வாள்?

ஸ்விட்சின்மேல் அவள் கை இல்லை. கண்ணாடி மெல்ல நகர்ந்து வந்தது. முக்கால் தூரம் கடந்தது. தட்டவில்லை. டொக்கென்று பொருந்தியது. மழையின் சத்தம் வெளியே போய்விட்டது.

அதன்பின்...

டிங். டிங். டிங்.

முன் பலகையில் ஒரு சிவப்பு விளக்கு. பின் இருக்கை, நடு இடம். பெல்ட் போடவில்லை என்று வண்டி சொன்னது. இருக்கையில் கனம் இருந்தால் மட்டுமே எரிகிற விளக்கு அது.

அவள் திரும்பிப் பார்க்காமல் ஓட்டினாள். கம்பியைத் தாண்டினாள். பாலத்தைத் தாண்டினாள். மருத்துவமனை வாசல்வரை அந்த மணி நிற்கவில்லை.

பிள்ளை பிழைத்தாள். மூன்றே நாளில் வீட்டுக்கு வந்துவிட்டாள். கூரைக் கண்ணாடியும் அதன்பின் தொல்லை தரவில்லை. மணி மட்டும் ஒவ்வொரு நாளும் அடித்தது. நட்டு வந்து வயரையே வெட்டிவிட்டுப் போனான். அப்படியும் அடித்தது. வண்டியை வாங்க இருவர் வந்தார்கள். தெருமுனைவரை ஓட்டிப் பார்த்துவிட்டு, காரணம் சொல்லாமல் இறங்கிப் போனார்கள். சும்மா எங்கேயாவது விட்டுவிடலாமென்றால் மகள் அழுதாள். "கூட்டிட்டுப் போறேன்னு நீதானம்மா சொன்ன?" எங்கே கூட்டிப்போவது, யார் வீட்டில் இறக்கிவிடுவது... அது அவளுக்குத் தெரியவில்லை. மகளைக் கேட்கச் சொன்னாளாம். அவனுக்கும் தெரியவில்லையாம்.

இப்போது தினமும் முதலில் நடு இருக்கைக்கு பெல்ட் போடுகிறாள். மணி நின்றுவிடுகிறது. பிறகு வண்டியை எடுக்கிறாள்.

போன வாரம் என்னை அந்த வண்டியில்தான் வீட்டில் கொண்டுவந்து விட்டாள். நான் பின்னால், ஓரமாக உட்கார்ந்தேன். நடு இருக்கையைப் பார்க்கக்கூடாது என்று எண்ணியிருந்தேன், பார்த்துவிட்டேன். பெல்ட்டின் பட்டை இருக்கையோடு ஒட்டிக் கிடக்கவில்லை. ஒரு சாண் முன்னால் வளைந்து நின்றது. மெல்ல எழுந்தது... மெல்ல அமர்ந்தது. எழுந்தது... அமர்ந்தது.

ரயில் பாலம் நெருங்கியபோது, மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல் பட்டை நின்றது. கம்பியைத் தாண்டும்வரை அது அசையவேயில்லை.