இடது கையால் அடித்ததைப் பற்றி ரஸ்மியா சொன்னது

என் பெயர் ரஸ்மியா. வயது எழுபத்தாறு. காலஞ்சென்ற ஃபௌசியின் மனைவி. நாப்லுஸ் வட்டாரம் பைத் ஸரூரா கிராமத்தில் பள்ளிவாசலுக்குக் கீழே மூன்றாவது வீட்டில் குடியிருக்கிறேன். இரண்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. கண்ட எதையும் மறந்ததில்லை.

எங்கள் ஒலிவ மரங்கள் நாற்பத்தொன்றும் யூதக் குடியேற்றத்தின் வேலிக்கு உள்ளே இருக்கின்றன. ராணுவம் வருடத்துக்கு இரண்டு நாள் கேட்டைத் திறந்துவிடும். அந்த இரண்டு நாளில் பறித்தது எங்களுக்கு, பறிக்காதது மரத்துக்கு. இந்த வருடம் கடந்த திங்களும் செவ்வாயும் கொடுத்தார்கள். நானும் என் மூத்த மகன் கைஸின் மனைவி சௌசனும் போனோம். கைஸுக்கு அனுமதிச் சீட்டு மறுத்துவிட்டார்கள். சௌசனின் ஏழு மாதக் கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தோம். எங்களுக்கு உதவியாக திர்சா வந்தாள். அவள் ஹைஃபாவில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற யூதப் பெண். பன்னிரண்டு வருடமாக அறுவடைக்கு வருகிறாள்.

திங்களன்று இருபத்து மூன்று மரம் முடித்தோம். அதன் பிறகு செவ்வாய் காலை பத்து மணிவாக்கில் நாங்கள் துணி விரித்து உட்கார்ந்து காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, குடியேற்றத்தின் காவல்காரன் நெதனெல் வண்டியில் வந்து இறங்கி, இன்று அனுமதி ரத்து என்றான். காகிதம் எங்கே என்று திர்சா கேட்டாள். அவன் துணியின் ஒரு முனையைத் தூக்கி உதறினான். காய் முழுவதும் முள்ளுக்குள் போனது. சௌசன் குனிந்து துணியைப் பிடித்தாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். "விடுடா, அவ பால் குடுக்கிறவ" என்றேன். அவன் என் பக்கம் திரும்பினான். என் கையில் காய் அடிக்கும் கம்பு இருந்தது. அடித்தேன். ஒரு அடிதான். கம்பு முறிந்துவிட்டது.

அதன் பிறகு சிப்பாய்கள் வந்தார்கள். நான் அடித்ததாகச் சொன்னேன். அவர்களில் ஒருவன் சிரித்து, "போ பாட்டி, போய்ப் படு" என்றான். அடித்தது சௌசன்தான் என்று அவள் கையைக் கட்டி வண்டியில் ஏற்றினார்கள். ஏற்றும்போதே அவள் சட்டை முன்பக்கம் நனைந்திருந்தது. இன்று வியாழன். குழந்தை புட்டிப்பாலைத் துப்புகிறது.

இன்று காலை குழந்தையையும் தூக்கிக்கொண்டு திர்சாவின் காரில் இந்தப் போலீஸ் நிலையத்துக்கு வந்தேன். திர்சாவை வெளியே நிறுத்திவிட்டார்கள். இதை எழுதும் அதிகாரி நஸீஹ் அரபி பேசுகிறவர். அவர் எனக்கு டீ கொடுத்தார். நான் குடிக்கவில்லை. எதிர்ப்பு ஊர்வலத்துக்குப் போவதுண்டா என்று கேட்டார். முழங்கால் போகும்வரை எல்லா வெள்ளிக்கிழமையும் போனேன் என்றேன். யூதர்கள் மேல் பகையா என்று கேட்டார். எனக்கு மொத்தமாகப் பகை கிடையாது, ஆள் ஆளாகத்தான் உண்டு என்றேன். நெதனெல் மேல் உண்டு. திர்சா மேல்கூட இரண்டு வருடம் இருந்தது. முதல் வருடம் அவள், "ரெண்டு பக்கமும் வலிக்குது, கைஸ் அம்மா" என்றாள். "வலிக்கட்டும்மா, கேட்டுச் சாவி யாருகிட்ட இருக்கு?" என்றேன். அவள் குனிந்து காய் பொறுக்கினாள். மறு வருடமும் வந்தாள். அதற்கு மறு வருடம் அந்தப் பகையை விட்டுவிட்டேன்.

எங்கள் ஊர் ஹாஃபிஸ் மேல் உள்ளதை விடவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்றில் ஓர் அதிகாரி ஹீப்ரு எழுத்தில் ஒரு தாள் கொண்டுவந்தார். ரோடு போடும்போது முறிந்த மரங்களுக்கு நஷ்டஈடு என்றார். என் வீட்டுக்காரர் சிறையில் இருந்தார். "வெறும் காயிதம்தான் அக்கா, வைங்க" என்றான் கூட வந்த ஹாஃபிஸ். ரேகை வைத்தேன். அது எங்கள் மேல்வயலை விட்டுக்கொடுத்த தாள். இப்போது அங்கே அவர்களுடைய நீச்சல்குளம் இருக்கிறது. ஹாஃபிஸின் தாய் இறந்தபோது துக்கத்துக்குப் போனேன். துக்கவீட்டுக் காப்பியைத் தொடவில்லை. அது எல்லோர் கண்ணிலும் பட்டது. படட்டும் என்றுதான் தொடவில்லை.

அதன் பிறகு நஸீஹ் ஒரு ஹீப்ரு தாளை என் முன்னால் வைத்தார். "இதுல ரேகை வைங்க கைஸ் அம்மா. மருமக சாயங்காலம் வீட்ல இருப்பா" என்றார். வாசிக்கச் சொன்னேன். முதல் பக்கத்தை வாசித்தார். அத்துமீறி நுழைந்தோம், இனி நுழைய மாட்டோம் என்று இருந்தது. இரண்டாம் பக்கத்தையும் வாசிக்கச் சொன்னேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். "உங்க அம்மா இந்த நாற்காலியில உக்காந்திருந்தா என்ன வாசிப்பீங்களோ அத வாசிங்க" என்றேன். வாசித்தார். நாற்பத்தொரு மரம் நிற்கும் நிலமும் அரசுக்குச் சொந்தம் என்று எனக்குத் தெரியும் என்று அதில் இருந்தது.

நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன். அடித்தது நான் என்று என் வாக்குமூலத்தை அரபியில் எழுதச் சொன்னேன். "எழுதினா உங்களத்தான் உள்ள வைப்பாங்க. மருமகள விடுவாங்கன்னும் நான் சொல்ல முடியாது" என்றார். நெதனெலின் சட்டையைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். எண்பத்தெட்டில் ஒரு சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் என் வலது தோளை உடைத்ததிலிருந்து அந்தக் கை காதுக்கு மேலே போகாது. எதுவானாலும் இடது கையால்தான் அடிப்பேன். எதிரே நின்றவனுக்கு அடி அவனுடைய வலது தோளில் விழுந்திருக்கும். சௌசன் வலது கைக்காரி.

நஸீஹ் எழுந்து போய் நெதனெலின் ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்துவிட்டு வந்தார். பேனாவை எடுத்தார்.

இதில் உள்ளது நான் சொன்னது. என்னை யாரும் மிரட்டவில்லை, சொல்லிக்கொடுக்கவுமில்லை. அரபியில் எழுதியதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். ஹீப்ரு தாள் ரேகை இல்லாமல் மேசையில் கிடக்கிறது, அதையும் எழுதச் சொன்னேன். என் பை கதவோரம் இருக்கிறது. மாத்திரையும் மாற்றுத்துணியும் காலையிலேயே எடுத்து வைத்துத்தான் வந்தேன். குழந்தையோடு திர்சா வெளியே காரில் உட்கார்ந்திருக்கிறாள்.

ரஸ்மியா, இடது கைப் பெருவிரல் ரேகை.