சவுனாவில் தீட்டிய சமத்துவத் திட்டம்

பெயர் ரைலி கொனோனென். வயது அறுபத்தாறு. காலமான வெய்க்கோவின் மனைவி. குவோபியோ நகரில் ஆலைத் தெருவில் குடியிருக்கிறேன். படிப்பு அதிகமில்லை. மிராண்டா ஹாகெர்ட் கொடுத்த புகாரின் பேரில் விசாரணை அதிகாரி கேட்க, நான் சொல்வதாவது:

சலவை ஆலையில் விரிப்பு மடிக்கும் வேலை எனக்கு. பக்கத்து மேசை மிராண்டாவுடையது. அவள் ரோமா இனத்துப் பெண். அவர்களில் ஒருத்தி கறுப்பு வெல்வெட் பாவாடையை உடுத்தத் தொடங்கினால் ஆயுளுக்கும் அதுதான் உடுப்பு.

ஆலையில் ஆட்கள் பெருகியதால் சட்டப்படி சமத்துவத் திட்டம் தீட்ட வேண்டியிருந்தது. அதற்காக மேலாளர் தாப்பியோ சென்ற இலையுதிர்காலத்தில் எங்கள் எல்லோரையும் ஏரிக்கரை சவுனாவுக்கு நீராவிக் குளியலுக்கு அழைத்துப் போனார். முதலில் ஆண்கள் முறை, அடுத்துப் பெண்கள் முறை, பிறகு கூட்டம் என்றார். அதன் பின்பு என்னிடம், "ரைலி, விறக நீயே பாத்துக்கோ. ஒன் கைக்குத்தான் அடுப்பு அடங்கும்" என்றார். எனக்கு வரவேண்டிய மேற்பார்வையாளர் வேலையைத் தன் மைத்துனனுக்குக் கொடுத்த அன்றும் இப்படித்தான் புகழ்ந்தார். தேதிகூடச் சொல்வேன். வேண்டாம் என்கிறார் அதிகாரி.

அடுப்பின் வாய் வெளியறையில் இருக்கிறது; ஆவிக்காகத் தண்ணீர் ஊற்றும் சுடுகற்கள் உள்ளே. குளிக்கும் ஆண்களுக்கும் எனக்கும் நடுவில் வெறும் பலகைச் சுவர்; அவர்கள் உடுப்பு முழுவதும் வெளியறை ஆணிகளில் தொங்கியது. சமத்துவத்தை எப்படித்தான் தீட்டுவார்கள் என்று அறிய ஆசையாக இருந்ததால் விறகு போட்ட பின்பும் அங்கேயே நின்றேன். தாப்பியோ, "எல்லாருக்கும் ஒரே கால்சட்டைன்னு போட்டா சமத்துவமும் ஆச்சு, அந்தப் பாவாடையும் தானா வெளிய போயிரும்" என்றார். மைத்துனன், "என்ன காரணம் எழுதுறது? அவ மேசைகிட்ட பாவாடை சிக்குற மெஷினே கெடையாதே?" என்றான். "பாதுகாப்புக்குன்னு எழுது. யாருய்யா கேக்கப்போறா? கல்லுல தண்ணிய ஊத்து" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அதன் பின்பு பெண்கள் முறை. மூத்தவர்களோடு குளிப்பது ரோமா இனத்தில் வழக்கமில்லாததால் மிராண்டா உள்ளே வரவில்லை. வெளியே எங்களுக்காகத் தொத்திறைச்சி வாட்டிக்கொண்டிருந்தாள். "கடுகு விழுது வைக்கட்டுமா உங்களுக்கு?" என்று என்னிடம் கேட்டாள். அதன் பின்பு கூட்டத்தில் திட்டத்தை வாசித்தார்கள்.

"என்கிட்ட யாருமே கேக்கலியே?" என்றாள் மிராண்டா.

"எல்லாருமா பேசி முடிச்சாச்சும்மா" என்றார் தாப்பியோ.

அடுத்த வாரம் அவளுக்கு வேலை இல்லை.

கல்லில் தண்ணீர் சீறியபோது தவறாகக் கேட்டிருக்கலாமே என்று அதிகாரி கேட்டார். பேச்சு முடிந்த பிறகுதான் தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள்.

எழுதியதை வாசித்துக் காட்டியபோது 'கூட்டத்தில் முடிவானது' என்று இருந்தது. அதை அடித்துவிட்டு 'சவுனாவில், ஆண்கள் முறையில்' என்று எழுதச் சொன்னேன். உடுப்பு விதியைப் போட்டபோது அவர்களில் ஒருவர் உடம்பிலும் துணி இல்லை என்பதையும் சேர்க்கச் சொன்னேன். சேர்த்தார்.

இதில் உள்ளது என் காதால் கேட்டதும் கண்ணால் கண்டதும் மட்டுமே. நீதிமன்றத்தில் தாப்பியோவின் முகத்தைப் பார்த்தும் இதையே சொல்வேன்.

(ஒப்பம்) ரைலி கொனோனென்